மார்கழியில் பிரித்த புல்லட்

சமவெளியிலிருந்து வருகிறவர்களுக்குக் கொடைக்கானல் குளிர் என்பது இரண்டு நாள் சமாசாரம். குரங்குக் குல்லா, ஏரியில் படகு, கோக்கர்ஸ் வாக்கில் போட்டோ, மிளகாய்ப்பொடி தடவிய மக்காச்சோளம், கிளம்பும்போது அரைக்கிலோ சாக்லேட். ஞாயிறு சாயங்காலம் வத்தலக்குண்டில் இறங்கிக் குல்லாவைக் கழற்றினால் குளிர்காலம் முடிந்தது. இங்கேயே ரேஷன் கார்டு வைத்திருப்பவர்களுக்கு அப்படி முடிவதில்லை. ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்ததும் மார்கழி பிறக்கும். ஏரிக்கரைப் புல்லில் உறைபனி படியும். சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் வெளியே நிற்பவர்கள் சுற்றுலாப் பயணிகளும் காட்டுமாடுகளும் மட்டும்தான்.

தை முடியும்வரை மலைக்காரன் வீட்டுக்குள் செய்யக்கூடிய காரியங்கள் மூன்று. அடுப்போரம் உட்காரலாம். சுக்குக்காப்பி கேட்கலாம். ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும் எதையாவது பிரித்துப் போடலாம். முதல் இரண்டும் மனைவி மனம் வைத்தால்தான் நடக்கும். மூன்றாவதை அவள் தூங்கியபிறகு தொடங்கிவிடலாம்.

எங்கள் வீட்டில் பிரிக்கத் தகுந்தது ஒரு பழைய புல்லட் 350. வார்ப்பிரும்பு இன்ஜின், ஒற்றை சிலிண்டர், நாலு கியர், கிக்கரைத் தவிர வேறு வழியில் உயிர் பெறாத ஜென்மம். என் மனைவியின் பெரியப்பா வத்தலக்குண்டில் ஓட்டிய வண்டி. சீதனம் என்று சொன்னால் சட்டம் பாயும் என்பதால் வீட்டில் அதற்குப் 'பெரியப்பா ஞாபகம்' என்று பெயர். அதில் ஒரு வாஷரைத் தொட்டாலும், "எங்க பெரியப்பா மட்டும் இருந்திருந்தா..." என்று சமையலறையிலிருந்து குரல் வரும். பெரியப்பா இருந்திருந்தால் வண்டி எனக்கு வந்திருக்காது என்பதை நான் எடுத்துச் சொல்வதில்லை.

வண்டியை 'ஆல்ட்ரேஷன்' செய்யும் யோசனை மதுரையிலிருக்கும் என் மச்சினனுடையது. போனில் படம் படமாக அனுப்பினான். "மாமா, கஃபே ரேசரா மாத்திருவோம். ஹேண்டில்பாரைக் கீழ இறக்கிருவோம். மட்கார்டை வெட்டிருவோம். சீட்டை ஒத்த சீட்டாக்கிருவோம். சும்மா மெரட்டும்." இரண்டு பேர் போகும் வண்டியை ஒற்றை சீட்டாக்கும் திட்டத்தை அவன் தன் அக்காவிடம் சொல்லவில்லை. அந்தப் பொறுப்பை என்னிடம் விட்டிருந்தான்.

கஃபே ரேசர் என்பது லண்டனின் சாலையோர டீக்கடைகளில் உட்கார்ந்திருந்த இளவட்டங்கள் 1950களிலும் 60களிலும் தங்கள் வண்டிகளை அடுத்த டீக்கடைவரை பந்தயத்துக்கு விட்டதில் பிறந்த வடிவம். சமதளச் சாலையில் குனிந்து படுத்து ஓட்டுவதற்கானது. எங்கள் ஊர் காட் ரோட்டில் ஒரு வளைவு முடிவதற்குள் அடுத்த வளைவு வந்து நிற்கும். எதிரே அரசு பஸ் சாலை முழுவதையும் எடுத்துக்கொண்டு திரும்பும். அந்த நேரத்தில் ஒரு மனிதன் நிமிர்ந்து உட்கார்ந்து டிரைவரின் கண்ணைப் பார்க்க வேண்டும். டேங்க்மேல் படுத்துக்கொண்டு பார்த்தால் பம்பர்தான் தெரியும். மட்கார்டை வெட்டினால் கார்த்திகை மழையில் பெருமாள்மலையின் செம்மண் அவ்வளவும் ஓட்டுகிறவன் முதுகில் வீடு வந்து சேரும். எங்கள் ஊருக்கும் ரேசுக்கும் ஒத்துப்போகும் ஒரே விஷயம் டீக்கடை.

இருந்தாலும் மார்கழி பிறந்துவிட்டது. பெயின்டைச் சுரண்டிப் பார்ப்பதில் தவறில்லை என்று டேங்கில் எமரி பேப்பரை வைத்தேன். கீழடியில் தோண்டியதுபோல அடுக்கடுக்காக வந்தது. மேலே மினுமினுப்பில்லாத கறுப்பு. யாரோ ஒரு கல்லூரி மாணவனின் காலம். அதன்கீழ் தீச்சுவாலை வரைந்த சிவப்பு. அதற்கும் கீழ் ராணுவப் பச்சை. ராணுவத்துக்கும் அந்த வண்டிக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. பிறகு விரல் கனத்துக்குப் பட்டி. அதற்குக் கீழேதான் திருவொற்றியூர்த் தொழிற்சாலையில் அடித்த பெயின்ட் கிடைத்தது: பளபளக்கும் கறுப்பு, ஓரத்தில் கையால் இழுத்த பொன்நிறக் கோடு. பெரியப்பாவுக்கும் எனக்கும் நடுவில் வண்டி சில கைகள் மாறித் திரும்பியிருக்கிறது. வந்தவர்கள் எல்லோரும் ஆல்ட்ரேஷன் செய்திருக்கிறார்கள். ஒருவர் லாரி ஹாரன் வைத்திருந்தார். ஒருவர் ஹெட்லைட்டுக்கு மேல் இரும்புத் தொப்பி போட்டிருந்தார். ஒருவர் வயரிங்கில் கைவைத்ததால் இடதுபக்க இண்டிகேட்டரைப் போட்டால் ஹாரன் அடித்தது.

அந்தக் கறுப்பைப் பார்த்ததும் எனக்கு முடிவு தெரிந்துவிட்டது. மச்சினனின் படங்களை ஓரம் கட்டினேன். ஒவ்வொருவரும் ஏற்றியதை எல்லாம் இறக்குவதுதான் இந்த மார்கழி வேலை. இதுவும் ஆல்ட்ரேஷன்தான், பின்னோக்கிப் போகும் ஆல்ட்ரேஷன்.

திருவொற்றியூர்க் கதை கொஞ்சம் தெரிந்தால்தான் இந்த வண்டியின் குணம் பிடிபடும். இங்கிலாந்தில் ரெட்டிச்சிலிருந்த ராயல் என்ஃபீல்டும் நம் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து 1955இல் என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. முதலில் பாகங்கள் கப்பலில் வந்தன, இங்கே கோத்தார்கள். 1962க்குள் எல்லாப் பாகங்களையும் இங்கேயே செய்யத் தொடங்கிவிட்டார்கள். 1970இல் இங்கிலாந்துக் கம்பெனி கடையை மூடியது. நம்மவர்கள் மூடவில்லை. 1977இல் அதே புல்லட்டை இங்கிலாந்துக்கே ஏற்றுமதி செய்தார்கள். வெள்ளைக்காரன் தூக்கிப்போட்டதைத் துடைத்து அவனுக்கே விற்ற சாமர்த்தியம் வடசென்னைக்கு உரியது.

ஆனால் வெள்ளைக்காரன் ஒன்றை விட்டுப் போனான். போல்ட்டின் மரை. நாடு 1957இல் நயா பைசாவுக்கு மாறி, மெல்ல மெல்ல மீட்டருக்கும் கிலோவுக்கும் பழகியது. புல்லட் மட்டும் பழைய இங்கிலீஷ் மரையை வெகுகாலம் விடவில்லை. இன்றைய ஸ்பேனர் பெட்டியில் 12, 13, 14 என்று மில்லிமீட்டர் கணக்கு இருக்கும். அவற்றில் ஒன்று இந்த நட்டுக்குச் சிறிது, அடுத்தது பெரிது. இதற்கென்றே விட்வொர்த் அளவு ஸ்பேனர் தனியாக உண்டு. அதன்மேல் எழுதியிருக்கும் எண் நட்டுத் தலையின் அகலத்தைக் குறிக்காது. உள்ளே போகும் போல்ட்டின் பருமனைக் குறிக்கும். கையில் எடுத்து அளந்து பார்த்தால் எந்தக் கணக்கும் ஒட்டாது.

எங்கள் ஊர் அண்ணா சாலை ஹார்டுவேர் கடையில் ஒரு போல்ட்டை நீட்டினேன். கடைக்காரர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எந்த மரைங்க?" என்றார். "பழைய மரைண்ணே, இங்கிலீஷ் மரை." அவர் போல்ட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "இந்த வண்டி வச்சிருக்கவங்க எல்லாருமே இதைத்தான் தேடி வர்றாங்க. தெளிவா இருக்க ஆள் ஒருத்தரையும் காணோம்."

மூஞ்சிக்கல்லில் என் மெக்கானிக் அண்ணன் அளந்து பேசுபவர். வண்டியின் தோற்றத்தைப் பற்றி அவருக்கு எந்தக் கருத்தும் கிடையாது. பிளக்கைக் கழற்றிக் காட்டினார். கரியாக இருந்தது. "ஆல்ட்ரேஷன் பண்ணணும்னியே தம்பி, இதுதான் பண்ண வேண்டிய இடம்" என்றார்.

அவர் சொன்னது சரி. இந்த இன்ஜினைக் கடலோரத்தில் வைத்துச் செய்தார்கள். 70 மில்லிமீட்டர் விட்டமுள்ள பிஸ்டன் 90 மில்லிமீட்டர் ஏறி இறங்கும். மொத்தம் 346 சிசி, கணக்குப்படி 18 குதிரைத்திறன். கொடைக்கானல் இருப்பது கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 2,100 மீட்டரில். இங்கே காற்றழுத்தம் கீழே இருப்பதில் முக்கால் பங்குக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். பிஸ்டன் எவ்வளவு ஆசையோடு இழுத்தாலும் கிடைக்கிற காற்று அவ்வளவுதான். வத்தலக்குண்டில் கிளம்பும் பதினெட்டுக் குதிரைகளில் பதினாலு மட்டும்தான் மேலே வந்து சேர்கின்றன. மீதி நாலும் வழியிலுள்ள ஊத்தில் டீ குடிக்க இறங்கிவிடுகின்றன.

இதில் கார்புரேட்டருக்கு மலை ஏறியது தெரியாது. கீழே கொடுத்த பெட்ரோலையே மேலேயும் கொடுத்துக்கொண்டிருக்கும். காற்று குறைவு, பெட்ரோல் அதிகம். கரும்புகை வரும், பிளக் கரியாகும், வண்டி இருமும். மருந்து எளிது. மெயின் ஜெட் என்கிற துளையிட்ட பித்தளைத் துண்டை ஒன்றிரண்டு படி சிறியதாக மாற்ற வேண்டும். நீடிலின் கிளிப்பை ஒரு பள்ளம் மேலே ஏற்றினால் ஊசி கீழே இறங்கிப் பெட்ரோலைக் கொஞ்சம் அடைக்கும். இந்த ஏற்பாட்டோடு மதுரைவரை போய்வரலாம் என்று நினைக்கக் கூடாது. கீழே காற்று தாராளம். பெட்ரோல் போதாமல் இன்ஜின் சூடேறித் தட்டும். அதனால் மலையில் வண்டி வைத்திருப்பவன் பையில் இரண்டு ஜெட் இருக்கும், மேலே ஒன்று, கீழே ஒன்று.

1899இல் தொடங்கிய எங்கள் ஊர் சூரிய ஆய்வுக்கூடத்தில் உட்கார்ந்துதான் ஜான் எவர்ஷெட் 1909இல் சூரியப் புள்ளிகளில் வாயு எந்தப் பக்கம் ஓடுகிறது என்று கண்டுபிடித்தார். பதினைந்து கோடி கிலோமீட்டர் தள்ளி நடப்பது. முற்றத்தில் இருக்கும் கார்புரேட்டருக்குள் எது எந்தப் பக்கம் ஓடுகிறது என்று சொல்ல எங்கள் தெருவில் ஆளில்லை என்று நினைக்காதீர்கள். எல்லோரும் சொன்னார்கள். ஒவ்வொருவரும் ஒவ்வொரு பக்கம் சொன்னார்கள்.

கியர்பாக்ஸ் பேரிங் அடுத்த அத்தியாயம். அலுமினியக் கூட்டுக்குள் இரும்புப் பேரிங் இறுகி உட்கார்ந்திருக்கும். சூடாக்கினால் அலுமினியம் இரும்பைவிட அதிகம் விரியும், பேரிங் தானாக நழுவி விழும். கொதிக்கிற தண்ணீரில் போட்டாலே போதும் என்று சமவெளி நண்பர்கள் சொன்னார்கள். அவர்கள் ஊரில் தண்ணீர் நூறு டிகிரியில் கொதிக்கிறது. எங்கள் ஊரில் 93 டிகிரியிலேயே கொதித்துவிட்டதாகச் சொல்லிவிடும். அந்த ஏழு டிகிரி சோம்பேறித்தனத்தால்தான் இங்கே பருப்பு வேகாது, அதனால்தான் குக்கர் இல்லாத வீடு கிடையாது. குக்கரைப் பற்றி நான் யோசிக்கத் தொடங்கியதை என் முகத்தைப் பார்த்தே மனைவி கண்டுபிடித்தாள். "ஏங்க, அந்தக் குக்கரைத் தொட்டீங்க, ராத்திரி சோத்துக்கு அந்தப் பேரிங்கைத்தான் தின்னணும்." கியர்பாக்ஸ் கூடு மூஞ்சிக்கல்லுக்கே போனது. அண்ணன் கேஸ் பர்னரைக் காட்டினார். பேரிங் விழுந்தது.

பெயின்ட் அடிக்க மார்கழியைவிட மோசமான மாதம் கிடையாது. தின்னர் ஆவியாகும்போது தகரத்தை இன்னும் குளிர வைக்கும். பக்கத்திலேயே பனிமூட்டம் காத்திருக்கும். ஈரம் வந்து படியும். பளபளப்பான கறுப்பு அடித்தால் காலையில் வெளுத்த சாம்பல்தான் மிச்சம். ரூம் ஹீட்டர் போட்டு அறையைச் சூடாக்கிவிட்டு உள்ளே பெயின்ட் அடிக்கலாமே என்றான் மச்சினன். தின்னர் புகையும் ஹீட்டர் கம்பியும் ஓர் அறையில் இருந்தால் வண்டிக்கு முன் வீடு மாறிவிடும். ஆகவே டேங்கைத் துணியில் சுற்றித் திண்டுக்கல்லுக்கு பஸ் ஏறினேன்.

கண்டக்டர் மடியைப் பார்த்தார். "என்னதுங்க?"

"பெட்ரோல் டேங்க்ண்ணே."

"உள்ள பெட்ரோல் இருக்கா?"

"காலிண்ணே. கழுவிக் காயவச்சது."

மோந்து பார்த்தார். "அப்ப இந்த வாசம்?"

"பழைய ஞாபகம்ண்ணே."

லக்கேஜ் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார். பக்கத்து சீட்டுப் பாட்டி வெகுநேரம் துணி மூட்டையைப் பார்த்துவிட்டு, "தவிலா தம்பி? எந்தக் கோயில்ல கச்சேரி?" என்றார். டம்டம் பாறை வருகிறவரை நான் வித்வானாகவே இருந்தேன். பாட்டி ஒரு ஆரஞ்சுப் பழமும் கொடுத்தார்.

மனைவிக்கும் வண்டிக்கும் நடந்த யுத்தம் வாசலில். மார்கழி என்றால் விடியலில் கோலம். புல்லட் என்றால் ஆயில் கசிவு. இந்த வண்டியில் ஆயில் சொட்டவில்லை என்றால் உள்ளே ஆயில் இல்லை என்று அர்த்தம், அப்போதுதான் பயப்பட வேண்டும். சாணம் தெளித்த வாசலில் தினமும் ஒரு கறுப்புச் சொட்டு. கோலப்பொடியால் மூடிப் பார்த்தாள், மேலே வந்தது. மணல் போட்டாள், மணலே கறுத்தது. கடைசியில் அந்தச் சொட்டையே முதல் புள்ளியாக வைத்து மற்ற புள்ளிகளை அதிலிருந்து எண்ணத் தொடங்கினாள். தெருவில் அந்த வருஷம் நடுப்புள்ளி கறுப்பாக இருந்த கோலம் எங்களுடையதுதான். பக்கத்து வீட்டு அக்கா, "திருஷ்டிக்கா வச்சிருக்க?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

மச்சினன் விடவில்லை. பொங்கல் லீவுக்குக் காரில் வந்து இறங்கினான். கையில் இ-பாஸும், பின்சீட்டில் 'பஞ்சாபி சைலன்சர்' என்று சொல்லப்படும் திறந்த குழாயும் இருந்தன. 2024 மேயிலிருந்து உயர் நீதிமன்ற உத்தரவுப்படி வெளியூர் வண்டிகள் இ-பாஸ் இல்லாமல் கொடைக்கானல் ஏற முடியாது. சைலன்சருக்குத் தனி பாஸ் கேட்காமல் விட்டது நிர்வாகத்தின் தாராளம். இரவில் எங்கள் தெருவுக்குள் காட்டுமாடு சர்வசாதாரணமாக வரும். குப்பைத்தொட்டி பக்கம் நிற்கும், செடியை மேயும், போகும். ஒரு டன்வரை கனமுள்ள அந்த ஜீவன் புல்லட்டின் சாதாரண 'டுக் டுக்' சத்தத்துக்கு ஒதுங்கி வழிவிடப் பழகியிருக்கிறது. பஞ்சாபி சைலன்சரைக் கேட்டால் வழிவிடுமா, வழிகேட்டு வருமா என்பதைச் சோதித்துப் பார்க்க மச்சினனை அழைத்தேன். அவன் வேண்டாம் என்றான்.

பிறகு சட்டத்தை எடுத்து வைத்தேன். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, ஆர்.சி. புக்கில் உள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. அதே வருஷம் சட்டத்தைத் திருத்தியபோது 182ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம்வரை சிறை, அல்லது இரண்டும். மச்சினன் பட்டியலில் ஒன்பது அயிட்டம் இருந்தது. பெருக்கிப் பார்த்தால் நாற்பத்தைந்தாயிரம். அந்தப் பணத்துக்கு மதுரையில் இன்னொரு பழைய வண்டியே தேடலாம். அடுக்களையிலிருந்து மனைவி கேட்டாள்: "ஆறு மாசம்னா எப்ப வருவீங்க?" "ஆனிக்குள்ள வந்துருவேன்." "சரி, சீசன் கூட்டமெல்லாம் முடிஞ்சிருக்கும்" என்றாள். அதில் வருத்தம் எவ்வளவு இருந்தது என்று இன்றுவரை கணக்கிட முடியவில்லை.

ஆக, மாற்றம் என்று நடந்தவை இவை. டேங்க் பழைய கறுப்புக்குத் திரும்பியது, ஆர்.சி. புக்கிலும் கறுப்பு என்றே இருக்கிறது. லாரி ஹாரன் போனது. இண்டிகேட்டரும் ஹாரனும் விவாகரத்து பெற்றன. பாயின்ட் இடைவெளியை ஃபீலர் கேஜ் வைத்துச் சரிசெய்தோம். டேப்பெட்டை, இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது புஷ்ராடு விரலால் சுற்றினால் சுற்ற வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது என்ற அளவில் வைத்தோம். இன்ஜின் குளிர்ந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை மட்டும் மார்கழியில் தானாகவே நிறைவேறிவிடுகிறது. கடைசியாகச் சின்ன ஜெட்.

குளிர்காலக் காலையில் புல்லட்டை உதைப்பது தனி வித்தை. ஆயில் கெட்டிப்பட்டிருக்கும். டீகம்ப்ரஷன் லிவரைப் பிடித்துக்கொண்டு சும்மா சில உதை, ஆயில் நகரட்டும் என்று. பிறகு சாவி. கிக்கரை மெல்ல அழுத்தினால் ஆம்பியர் மீட்டரின் முள் கீழே சாய்ந்து நடுவுக்கு வரும். அங்கே நிறுத்தி, லிவரைப் பிடித்து ஒரு பொட்டு நகர்த்தி, விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, பிறகு முழுக்காலால் ஒரே உதை. வரிசை தப்பினால் கிக்கர் திருப்பி உதைக்கும். மச்சினன் வரிசையைக் கேட்காமல் நேரே உதைத்தான். மீதி லீவு முழுக்க அவனுக்குப் பலகாரம் உட்கார்ந்த இடத்துக்கே போனது.

தைப்பூசத்துக்கு வண்டி பழனிக்கு இறங்கியது. பின்சீட்டில் மனைவி, டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் நசுங்கிய அடையாளம். அறுபது கிலோமீட்டருக்குச் சற்று மேல், எல்லாம் இறக்கம். அடிவாரத்தில் நிறுத்திப் பெரிய ஜெட்டை மாட்டிக்கொண்டிருந்தபோது காவடியோடு நடந்து வந்த பக்தர் ஒருவர் நின்று, "என்னங்க, வண்டி நின்னுருச்சா? நடந்து வாங்க, முருகன் கொண்டுபோய்ச் சேர்ப்பான்" என்றார். சொன்னதில் நியாயம் இருக்கிறது. மாம்பழத்துக்காக மயிலேறி உலகத்தைச் சுற்றியவர் முருகன். இருந்த இடத்திலேயே அப்பா அம்மாவைச் சுற்றிவந்து பழத்தை வாங்கிக்கொண்டவர் பிள்ளையார். வாகனத்தை நம்பித் தோற்றுக் கோபித்துக்கொண்டு வந்து நின்றவரின் மலைதான் எங்கள் மலை. அவரும் மயிலுக்கு ஆல்ட்ரேஷன் எதுவும் செய்யவில்லை.

கொடைக்கானலில் ஒற்றை சிலிண்டர் வண்டி வைத்திருக்கிறவர்களும் ஏற்றிக்கொண்டு வர நினைக்கிறவர்களும் தெரிந்துகொள்ள வேண்டியது கொஞ்சம்தான். பையில் இரண்டு ஜெட், பெட்டியில் சரியான ஸ்பேனர், வீட்டில் ஆர்.சி. புக். பெயின்ட் வேலையை மாசிக்குத் தள்ளிப்போடுங்கள். குக்கரைத் தொடாதீர்கள். வண்டியை வித்தியாசமாக மாற்ற வேண்டும் என்ற ஆசை அடங்கவே இல்லையென்றால், கம்பெனியில் செய்தது எப்படி இருந்ததோ அப்படி மாற்றுங்கள். இன்றைக்கு ஊரில் அதைவிட வித்தியாசமான வண்டி வேறில்லை.